காவலுக்கு நின்ற சால்வியா

மாமியார் வீட்டுத் தோட்டத்துச் சால்வியாச் செடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான் மாப்பிள்ளை. மண் இன்றும் சொதசொதவென்று இருந்தது.

“சத்தியமா நான் ஊத்தலைம்மா,” என்று போனில் மனைவியிடம் புலம்பினான். “ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மக். அதோட சரி!”

“அப்புறம் எப்படி நனையும்? வெயில் எவ்வளவு வேணா அடிக்கட்டும், தண்ணி மட்டும் அளவா ஊத்துங்கன்னு அம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களே!”

மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மாமியார் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “செடி பிழைச்சா, பொறக்கப்போற குழந்தை உங்க வீட்டுல வளரட்டும். இல்லேன்னா ஒரு வருஷம் தாயும் பிள்ளையும் என்கிட்டதான். உங்களை நம்பி வராந்தாவுல மீன் தொட்டியை விட்டுட்டுப் போனேனே, மறக்கலை!”

அந்த மீன்களைப் பற்றி மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை, பாவம்.

ஊதாப் பூவாய்க் குலுங்கிய செடிகள் இப்போது இலை பழுத்துத் தலை தொங்கி நின்றன. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சும்மா இருந்து எதையும் சரிசெய்து அவனுக்குப் பழக்கமில்லை. மண்ணைக் காயவைக்க டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு கிளை ஒடிந்தது. பனிதான் காரணம் என்று பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்தான். புழுக்கத்தில் பாதி இலை அழுகியது. காலையில் வைத்த கல் வைத்தபடி இருந்தது, அடியில் மண் மட்டும் நனைந்திருந்தது.

அவன் தெருவுக்கு ஓடினான். எதிர்வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் வாசலில் நின்றிருந்தார்.

“சார், இந்தத் தோட்டத்துல ஏதாவது... நடமாட்டம் உண்டா?”

கண்டக்டருக்கு முகம் வெளிறிப்போனது. “எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி!” என்று கதவைப் படாரெனச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவு பெரிய மனுஷனே பயப்படுகிறார் என்றால்! பேயாக இருந்தால் தன்னால் ஆகாது, குழாய்க் கசிவாக இருந்தால் பார்த்துவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தான். மூன்றாவது வெட்டில், அதுவரை நன்றாக இருந்த குழாய் உடைந்தது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. மிச்சமிருந்த செடிகள் வேரோடு சாய்ந்தன.

அந்த நேரம் பார்த்தா டாக்ஸி வந்து நிற்க வேண்டும்? மாமியார் இறங்கினார். அவரை அழைத்துவரப் போயிருந்த மனைவி, நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி பின்னால் இறங்கினாள்.

மாமியார் செடியைப் பார்த்தார். சேற்றில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். “பெட்டியை எடுத்து வைடி,” என்றார் மகளிடம்.

“அத்தை, குழந்தையை நான் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குவேன்!” மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

“மீனையும் அப்படித்தான் பாத்துக்கிட்டீங்க!”

கூச்சல் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்தார் கண்டக்டர்.

“என் மேல தப்பில்லைம்மா! மாப்பிள்ளை மறந்துடுவாரு, அவருக்குத் தெரியாம நீங்க பாத்துக்குங்கன்னு சொன்னீங்களே, தினமும் விடியறதுக்குள்ள ரெண்டு குடம் ஊத்திட்டேன், விரிப்பு போட்ட அன்னிக்குக்கூட கல்லை நகர்த்தி ஊத்திட்டுத் திரும்ப அப்படியே வெச்சுட்டேன். போன தடவை மீனுக்குக்கூட அப்படித்தானே, அவர் போட்டுட்டுப் போனப்புறம் வேளாவேளைக்கு நானும் தீனி போட்டேன்!”