வேல்விழி பெயரில் போன மெயில்கள்

பனியன் வாங்க வந்த ஜெர்மனி பையர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதானா அது வர வேண்டும்? கம்பெனி வெப்சைட்டின் ஆர்டர் பக்கத்தைத் திறந்ததும் ‘ஃபேட்டல் எரர்’ என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. அதை எழுதிய மயில்சாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

அடுத்து வேல்விழி எழுதிய சாம்பிள் பக்கமும்தான் படுத்தது. ஆனால் அதில், ‘சற்றுப் பொறுங்கள், சரிசெய்துகொண்டிருக்கிறோம்’ என்று பணிவாக ஒரு வரி வந்தது. பையர் சிரித்துவிட்டார்.

“பாத்தயா மயிலு, அந்தக் கண்ணு எத்தன பதனமாச் செஞ்சிருக்குதுன்னு!” என்றார் முதலாளி அப்புசாமி.

மயில்சாமிக்கு வயிறு எரிந்தது. ஆறு வருடமாக ஒற்றை ஆளாக வெப்சைட்டைக் கட்டி மேய்த்தவன் அவன். அவளோ கோவில்பட்டியிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு ஹெட் போடப்போகிற வாரத்திலா இப்படி நடக்க வேண்டும்!

மறுநாளே எந்த எரரும் திரையில் தெரியாதபடி நிறுத்திவைத்தான். இப்போது பக்கம் வெள்ளை வெளேரென்று வந்தது.

“ஏனுங்க, ஆர்டரே அழிஞ்சு போச்சுங்களா?” என்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பதறி ஓடி வந்தார்.

“நான் வேணும்னா பாக்கட்டுமாண்ணே?” என்றாள் வேல்விழி.

“ஒண்ணும் வேண்டாமுங்க!”

அவளுடைய பக்கம் படுக்கும்போதெல்லாம் முதலாளிக்குத் தெரிய வேண்டும் என்று அன்றே ஒரு வேலை செய்தான். புரோகிராம் நின்றால் எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று முதலாளிக்குத் தானாக மெயில் போகும். அடியில் வேல்விழியின் பெயர் இருக்கும். அவள் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சோம்பல்பட்டு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஃபைலில் அதைப் போட்டுவிட்டான்.

நான்காம் நாள் முதலாளி அறைக்கு வேல்விழியைக் கூப்பிட்டார்கள். மயில்சாமி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். மனசு குளுகுளுவென்று இருந்தது.

செக்கிங் சூப்பர்வைசர் நஞ்சம்மாள் ஜிலேபித் தட்டோடு வெளியே வந்தார்.

“என்னங்கக்கா, செம திட்டுங்களா?”

“திட்டா? நம்ம செக்கிங்குல பனியன்ல ஓட்ட இருக்கற எடத்துல ஸ்டிக்கர் ஒட்டி நம்ம பேரெழுதுவமில்லீங்க, அதாட்ட நூத்திப் பன்னண்டு ஓட்டையக் கண்டுபிடிச்சு, தம் பேரப் போட்டு மெயில் அனுப்பியிருக்குதாமா அந்தக் கண்ணு. ஹெட்டாப் போட்டாச்சுங்க.”

மயில்சாமி தட்டிலிருந்து எடுத்த ஜிலேபியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

“அதுல நூத்திப்பத்து உங்க ஆர்டர் பக்கத்துல இருந்ததுங்களாமா, தம்பி!”