பொட்டுக்கு அடியில் எரிந்த லைட்

எப்போதும் எரிகிற லைட்டால் தொல்லை இல்லை. எரியவே எரியாத லைட்டாலும் இல்லை. நினைத்தால் எரிந்து நினைத்தால் அணைகிறதே, அதுதான் மனுசனைக் கிறுக்காக்கும். என் காரில் இருந்தது அந்த ரகம்.

பழைய கார். என் மனைவி புஷ்பம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து அனுப்பியதில் வாங்கியது. அப்புத்தளையில் ஹயர் ஓடினேன். ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைத் தோட்டங்களில் கொண்டு போய் விடுவேன். எங்களுக்குள் பேச்சு ஒன்றுதான். லீவில் வருவாள். கார் ஒழுங்காக ஓடினால் திரும்பிப் போக மாட்டாள்.

அவள் வருகிற நேரமாகப் பார்த்து ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்த மஞ்சள் லைட் எரியத் தொடங்கியது. அதில் எஞ்சின் படம் இருக்கிறதாம். எனக்குக் குழாய் வைத்த அண்டா மாதிரித் தெரிந்தது. (தண்ணீர் கேட்கிறது என்று நினைத்து ஊற்றிப் பார்த்தேன்.)

கராஜ் வைத்திருக்கிற நானாவிடம் போனேன். வாசலில் நுழைந்ததும் அணைந்துவிட்டது, ஆஸ்பத்திரியைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.

"எங்க லைட்டு?"

"இப்பத்தான் எரிஞ்சிச்சு நானா."

"எரியாத லைட்ட நான் எப்படிப் பாக்கிறது? எரியிற நேரம் கொண்டு வாங்க."

எரிந்தபோது கொண்டு போனேன். கராஜ் வளைவில் அணைந்தது. அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால், "எரியுதா?" என்று கேட்டுச் சிரிப்பார். வெட்கத்தில் அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

புஷ்பம் கண்ணில் படாமல் லைட்டை மறைக்க ஒன்று வேண்டும். புஷ்பம் முதல் தடவை போன அன்று, நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டைக் கழற்றி எங்கள் காம்பராச் சுவரில் மாட்டிய கண்ணாடியில் ஒட்டினாள். "அந்த வீட்ல பொட்டு வைக்கக் கூடாதாம். இது இங்கயே இருக்கட்டும்" என்றாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. பஸ் போன பிறகு முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

அந்தப் பொட்டை எடுத்தேன். பசை காய்ந்திருந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கி வைத்து லைட்டின் மேல் ஒட்டினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

லைட் எரிந்தால் பொட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் வரும். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்களே. எனக்கு விக்கல் வராது. வளையம் வந்தது. அவள்தான் நினைக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். மேட்டில் ஏறும்போது ரொம்ப நினைத்தாள். (எஞ்சின் திணறியிருக்கிறது. அது எனக்கு எங்கே தெரியும்?) வளையத்தைக் கண்டால், "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். ஒரு நாள் பின்சீட்டில் இருந்த பழைய கங்காணி, "சாப்பிட்டாச்சுப்பா" என்றார்.

கொழும்பில் புஷ்பத்துக்குக் கிடைத்தது மொனராகலை பஸ். அது அப்புத்தளைக்கு ஏறாது. பெரகல சந்தியில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னாள். விடிந்ததும் போய் நின்றேன். சாமான் தூக்க அவள் தம்பி சேகரும் வந்தான்.

இறங்கினாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"எளச்சிட்டீங்க" என்றாள்.

"நீயுந்தான்" என்றேன்.

சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தேன்.

பெட்டிகளையும் கம்பளிகளையும் அடைத்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். வளையம் வந்தது.

"என்னங்க, இதென்ன பொட்டு?"

"ஒன்னோடதுதான்."

"இங்க எதுக்கு?"

எனக்குப் பேச வராது. அன்று பேசிவிட்டேன். "நீ என்னய நெனச்சா அது எரியும்."

பின்னால் சேகருக்குப் புரையேறியது. அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியது. அப்படியே வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். பிறகு அவள் புருவம் ஏறியது.

"நாந்தான் பக்கத்துல உக்காந்திருக்கேனே. இப்ப யாரு நெனைக்கிறா?"

வளையம் மினுக்கத் தொடங்கியது.

"ரொம்ப நெனைக்கிறா போல மச்சான்" என்றான் சேகர்.

கார் உதறியது. விக்கியது. வளைவிலேயே நின்றுவிட்டது.

அவள் எட்டி, நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்தாள். அடியில் அண்டா பளிச்சென்று எரிந்தது. "அங்க மேடம் காருல இது வந்தா காரயே எடுக்க மாட்டாங்க. நீங்க பொட்டு வச்சி கும்பிட்டிருக்கீங்க!"

ஓரமாக்க வேண்டுமே, தள்ளினோம். அவளும் தள்ளினாள், புதுச் சேலையில். மேலே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அடியே, குவைத்துக்காரி வந்து எறங்கல, அதுக்குள்ள புருசன் வேல குடுத்திட்டாருடி!"

கடைசியில் கொழுந்து லொறியில் கயிறு கட்டி, அப்புத்தளைக் கடைத்தெரு வழியாக ஊர்வலம். கராஜில் நானா சாவியைத் திருப்பினார். முகம் மலர்ந்தது.

"அட, இன்னக்கித்தான் எரியுது!"

தீப்பொறி கொடுக்கிற ஏதோ காயில் செத்துக்கொண்டிருந்ததாம். கவனிக்காமல் ஓட்டியதில் எஞ்சினையும் கழற்ற வேண்டியதாயிற்று. சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்றே அவள் லீவு தீர்ந்தது.

"இத நம்பி நான் எப்படிங்க நிக்கிறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

போகிற அன்று கராஜுக்கு வந்தாள். நெற்றிப் பொட்டைக் கழற்றி காருக்குள் ஒட்டினாள். லைட்டின் மேல் இல்லை, பக்கத்தில். "ரெண்டையும் பாருங்க" என்றாள். பஸ் ஏறினாள்.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. லைட் எரிவதே இல்லை. சேகர் வீட்டில் யாருக்கு விக்கல் எடுத்தாலும் பிள்ளைகள், "லைட்டு எரியுது, தள்ளுங்க!" என்று கத்துகிறார்கள்.

புஷ்பம் வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். கடைசியில் அதைத்தான் கேட்பாள்.

"லைட்டு எரியுதாங்க?"

"எரியுது."

"அப்ப நானாகிட்ட காட்டுங்க."

"காட்டப் போனா அணஞ்சிருது புள்ள."

சிரிப்பாள். பிறகும் இரண்டு பேரும் போனை வைக்க மாட்டோம்.