இரண்டு விலைக்கு நடுவே ஒரு வாசற்கதவு

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யாகிவிடும் என்பதால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும். குறையாவிட்டாலும் குறைந்ததாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். இதிலுள்ள நல்ல சேதியை மட்டும் நீங்களாகச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லியிருப்பாள். சும்மா வரவில்லை. எங்கள் வாசற்கதவால் வந்தாள். இரண்டு வருஷமாகவே அந்தக் கதவு மக்கர். ஈரக்காற்று வந்தால் உப்பிக்கொண்டு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் வெளியிலிருந்து தோளால் முட்ட வேண்டும், அவள் உள்ளிருந்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். மாற்றுங்கள் என்று நூறு தடவை சொல்லிவிட்டாள். நான் மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொன்னேன். முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். குண்டூசி டப்பா வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் என் மேஜையைத் தாண்டாது. அதற்கு அவள், "என்னைக் கட்டிக்கும்போது மட்டும் எப்படிங்க ஒரே எடத்துல முடிச்சீங்க?" என்று கேட்டாள்.

கடைசி நாள் நடந்ததை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கண் டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி அது. இடது கண்ணில் புகை படிந்ததுபோல் இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதற்காக. நான் வண்டி பிடிக்க வெளியே போனேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, அதோடு சரி. நான் முட்டினேன், அவள் இழுத்தாள், வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், நாற்பது நிமிஷம் போனது, டாக்டர் கிளம்பிவிட்டார். அந்த நாற்பது நிமிஷத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் பொறு, பெரிய கடையில அடுத்த வாரம் தள்ளுபடி வருதாம், அப்பப் பாத்துக்கலாம்." கடைசியில் கதவு விட்டுக்கொடுத்தபோது அவள் கையில் பெட்டி இருந்தது. நாற்பது நிமிஷத்தில் ஒரு மனுஷி எல்லாவற்றையும் மடித்து வைத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "அந்தக் கதவு ஒழுங்காத் தொறக்குற அன்னைக்குச் சொல்லியனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நான் பிடித்து வைத்த அதே வண்டியில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளே பெரிய கடைக்கு ஓடினேன். விமானத்தையே உள்ளே நிறுத்தலாம் போன்ற கட்டடம், ஒரு சுவர் முழுக்கக் கதவுகள், எதைத் திறந்தாலும் பின்னால் வெறும் சுவர்தான். ஒரு கதவின்மேல் சிவப்பு எழுத்தில் ஆறாயிரம் என்று போட்டிருந்தது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் கணக்குப் போட ஆரம்பித்தாள். ஆறாயிரம் வெறும் பலகைக்குத்தானாம். கீல் தனி, பூட்டு தனி, பூட்டுக்கு ஓட்டை போடுவது தனி, அளவெடுக்க ஆள் வருவது தனி, பொருத்துவது தனி, பழைய கதவைக் கழற்றுவது தனி, கழற்றியதை எடுத்துப்போவது தனி. "கழட்டுனத எடுத்துட்டுப் போகாம வீட்டுக்குள்ளயே படுக்கவா வெப்பீங்க?" என்று கேட்டேன். "சில கஸ்டமர் பழைய கதவ வெச்சுப்பாங்க சார்" என்றாள் சிரித்த முகத்தோடு. மொத்தம் பதினாலாயிரம், இரண்டு வருஷ உத்தரவாதம், அதுவும் எழுத்தில். கடிதம் எழுதுகிற இந்த நிமிஷம்வரை அந்தப் பெண் என்னிடம் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை, அதுதான் எனக்குப் பெரிய இம்சை.

இரண்டாவது கொட்டேஷனுக்கு டயர் கடைக்குப் பின்னால் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் தச்சுக்காரரிடம் போனேன். எங்கள் பக்கம் அவருக்கு அரைமணி என்று பெயர். எப்போது கூப்பிட்டாலும் அரைமணியில் வருகிறேன் என்பார், எந்த அரைமணி என்று சொல்ல மாட்டார். மூன்றாம் நாள் வந்தார். கதவை விரலால் தட்டினார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "பதிமூணு" என்றார். அவ்வளவுதான். மரம் எவ்வளவு, கீல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொன்னேன். "பிரிச்சுச் சொன்னா ஒவ்வொண்ணாக் கழிப்பீங்க சார்" என்றார். என்னை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லாத மனிதர், மச்சான்! உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். "தகராறு பண்ணா கூப்பிடுங்க, வர்றேன்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டு நாலு பக்கத்துக்கு ஒரு பட்டியல் போட்டேன். பதினோரு நாள் ஆனது. இடப்பக்கம் கடை, வலப்பக்கம் அரைமணி. விலை, மரம், உத்தரவாதம், வரும் நேரம் எல்லாம் எழுதி அடிக்கோடு போட்டுப் பார்த்தபோது மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. கதவு மட்டும் கடையில் ஆறாயிரத்துக்கு; மாட்டும் வேலை மட்டும் அரைமணியிடம் இரண்டரைக்கு; கீலையும் பூட்டையும் பழைய கதவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் எட்டரை! மூன்றாவது கொட்டேஷனை நானே கொடுத்துக்கொண்ட மாதிரி. சந்தோஷம் தாங்காமல் அவளிடம் சொல்லலாம் என்று எழுந்து சமையலறை வரைக்கும் போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அரைமணிக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஓட்டலுக்கு வந்து, வீட்லருந்து கொண்டாந்த சோத்தச் சூடு பண்ணிக் குடுன்னு கேக்குற மாதிரி இருக்கு சார்" என்றார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். அளவெடுக்க ஆள் வந்தால் காசு என்பதால் நானே அளவெடுத்தேன். வீட்டில் வேறு டேப் இல்லை, அவளுடைய தையல் பெட்டியில் இருந்த டேப்பால் எடுத்தேன். கவுண்டர் பெண், "அளவு சரிதானே சார், வெட்டிட்டா மாத்த முடியாது" என்று இரண்டு தடவை கேட்டாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கதவு வந்தது. அரைமணியும் ஒருவழியாக வந்தார். தன் இரும்பு டேப்பை நிலையில் வைத்தார், கதவில் வைத்தார், என்னைப் பார்த்தார். அகலத்தில் ஒரு அங்குலம், உயரத்தில் ஒரு அங்குலம் கூடுதல். "இழைச்சு விட்டுடுங்க" என்றேன் பெரிய நிபுணன் மாதிரி. அவர் கதவைத் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று டப்பா மாதிரிச் சத்தம். "உள்ள ஒண்ணுமே இல்ல சார். ஓரத்துல விரல் அகலத்துக்குத்தான் கட்ட இருக்கு. இழைச்சா அட்டதான் வரும். அளவு எடுத்தது யாரு?" கடைக்காரர்கள்தான் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் பொய். அவர் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத்தான் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன், அக்கா எடுத்து அவளிடம் கொடுத்தார். கதவைப் பற்றி மூச்சு விடாமல், உன் தையல் டேப் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். "அதுல மொத இன்ச் கிழிஞ்சு போயி பதினஞ்சு வருஷம் ஆச்சே. ஒண்ணக் கழிச்சுக்கிட்டுத்தான் தைப்பேன்" என்றாள். நான் திருதிருவென்று விழித்தது போனில் தெரிந்திருக்க முடியாது, ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு, "உங்க சட்டையெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பதினைந்து வருஷமாக ஒருத்தி எனக்காக மனசுக்குள் ஒன்றைக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், கணக்கில் புலி என்று பெயர் வாங்கிய நான் அதைக் கவனித்ததே இல்லை.

மறுபடியும் கடை, மறுபடியும் டோக்கன், மறுபடியும் அதே பெண், அதே சிரித்த முகம். "அளவு எடுத்தது யாரு சார்?" "நான்." "கையெழுத்து?" "என்னுதுதான்." இரண்டு நாள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மேனேஜர் மனம் இளகினார். கழற்றுவது முதல் பொருத்துவது வரை எல்லாவற்றையும் கடையிலேயே எடுத்துக்கொண்டால், மறுபடி வெட்டும் கூலியை மட்டும் சேர்த்து, வேறு கதவு தருகிறார்களாம். மொத்தம் பதினாறாயிரம். கடை முதலில் சொன்னதைவிட இரண்டு கூடுதல், அரைமணி சொன்னதைவிட மூன்று கூடுதல். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் இது முதல் தடவை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

ஆகவே நல்ல சேதி என்னவென்றால், வருகிற வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை ஆட்கள் வருகிறார்கள். கதவு ஒழுங்காகத் திறக்கும். வெள்ளிக்கிழமை காலை அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். கண் டாக்டரிடமும் போய் வரிசையில் நின்று புதுத் தேதி வாங்கி வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை. அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும். உங்கள் வீட்டுக் கதவெல்லாம் எப்போதும் ஒரே தள்ளலில் திறக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடச் சோம்பல்பட்டு வைத்திருந்தேன். இன்று வியாழக்கிழமை. சொன்னபடி எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். கால் மணியில் பழைய கதவைக் கழற்றி, நிலையையும் கடப்பாரையால் பெயர்த்து, வண்டியில் ஏற்றிவிட்டார்கள். புதுக் கதவு எங்கே என்று கேட்டேன். "அது பிட்டிங் டீம் சார், நாங்க கழட்டுற டீம்" என்றார்கள். பிட்டிங் டீம் எப்போது வரும் என்றால், பத்து வேலை நாளுக்குள் என்று நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறதாம். நிலையை எதற்கப்பா பெயர்த்தீர்கள் என்று கேட்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. இப்போது எங்கள் வீட்டுக்குக் கதவே இல்லை, மச்சான். வாசல் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை, அதில் நாற்காலி போட்டு நான் காவல். வீட்டை விட்டுத் தபால் பெட்டிக்குக்கூடப் போக வழியில்லாததால் எதிர்வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "கதவு என்ன வெலைக்கு முடிச்சீங்க?" என்று அவர் கேட்டார். காலையிலிருந்து தெருவில் தூரத்தில் யார் வந்தாலும் அவள் மாதிரியே இருக்கிறது.

கதவு மாட்டியாகிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். மேலே உள்ளதையெல்லாம் அவள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் படிக்கட்டும்: நீ இல்லாமல் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கதவு வருகிறபோது வரட்டும், நீ முதலில் வந்துவிடு. தட்டக்கூட வேண்டாம், நான் வாசலிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.