ஏழாம் குழியில் கிடந்த பந்து

நிவித்திகல,
புதன்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மச்சான் ஜஸீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உன் கூடப்பிறந்த ராத்தா நூரியாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எம்பிலிப்பிட்டியில் நீயும் றஸ்மியாவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய மாம்பழம் வந்து சேர்ந்தது, நல்ல ருசி, மரியாதைக்காகச் சொல்லவில்லை. உடம்பு சுகம் என்று எழுதினேனே தவிர மனசு சுகம் என்று எழுதவில்லை, அதை நீ கவனித்திருப்பாய். சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிறேன். டெலிபோன் அடித்தால் உன் ராத்தாவை எடுக்கச் சொல்லி, நான் இல்லை என்று கையைக் காட்டுகிறேன். இதற்கெல்லாம் காரணம் நீதான் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் நீதான்.

நீ கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, உன் அரபி முதலாளி வேண்டாமென்று போட்ட கோல்ஃப் மட்டைப் பையை எனக்கென்று தூக்கிக்கொண்டு வந்தாய். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டதற்கு, கடையில் மாட்டி வையுங்கள், ஆட்கள் பார்ப்பார்கள் என்றாய். மாட்டினேன். ஆட்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் மேல் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கிருஷ்ணகுமார். அவரை உனக்குத் தெரியும். தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, சின்னத்துரையாகச் சேர்ந்து பெரிய துரையானவர், என் கடைக்கு வந்தால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருவார். எனக்குச் சீனி வருத்தம் என்று இரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்து டாக்டர் தினமும் நடக்கச் சொன்ன அதே கிழமையில் அவர் கண்ணில் அந்தப் பை பட்டுவிட்டது. நடப்பதென்றால் சும்மா ஏன் நடக்க வேண்டும், பந்தை அடித்துவிட்டு அதன் பின்னால் நடக்கலாமே என்று சொல்லி, துரைமார் கிளப்பில் என்னை அங்கத்தவராக்கிவிட்டார். டாக்டரும் சரி என்றார், உன் ராத்தாவும் சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த மைதானத்தைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தேயிலை மலைக்கும் றப்பர் மலைக்கும் நடுவே ஒன்பது குழி. கொடி நட்டிருக்கும் இடத்தில் மட்டும் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள், மற்ற இடமெல்லாம் இரத்தம் குடிக்கிற அட்டை. யாருடைய பந்து என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் பந்தில் ஒரு குறி போடுவார்கள். கிருஷ்ணகுமார் தன் மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார், நான் மூட்டையில் விலை எழுதும் பேனாவால் ஒரு பச்சைக் கோடு இழுப்பேன். இழுத்த கோட்டை நான் மறுபடி பார்ப்பது அபூர்வம். பந்து புதருக்குள் போனால் போனதுதான், உள்ளே கிடப்பது பந்தா பாம்பா என்று கையை விட்டுப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. இதெல்லாம் போதாதென்று றப்பர் மரங்களில் குளவிக்கூடு வேறு. மற்றவர்கள் கொடியைப் பார்த்து அடிப்பார்கள், நான் குளவி கலைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டு அடிப்பேன். என் பந்து ஒருநாளும் நேராகப் போகாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் இவையெல்லாம் சின்னப் பயங்கள். பெரிய பயம் பிறகுதான் வந்தது. யாராவது முதல் அடியிலேயே பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டால் அதற்கு ஹோல் இன் வன் என்று பெயர். அப்படிப் போட்டவரின் பெயரைக் கிளப் சுவரில் இருக்கும் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அதுவரை சந்தோஷம். அதன் பிறகு அந்த ஆள் கிளப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும், அவர்கள் குடிப்பது இஞ்சிக் கோப்பி இல்லை. இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கமாம். நான் பள்ளிவாசல் நிர்வாக சபையில் பொருளாளர். மர்சூக் துரைமாருக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தான் என்று பேச்சு வந்தால் ஜும்ஆவில் முன் வரிசையில் நான் எந்த முகத்தோடு நிற்பது? கொடுக்க மாட்டேன் என்றால், சந்தோஷத்தைப் பங்கு போடத் தெரியாத கஞ்சன் என்பார்கள். இதை ஒருநாள் கிருஷ்ணகுமாரிடம் சொன்னேன்.

"நீங்க ஏன் வீணா பயப்படுறீங்க மர்சூக்?" என்றார். "நான் இருபது வருஷத்துக்கு மேல அடிக்கிறேன். எனக்கே இன்னும் விழல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் கிளப்புக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டுத்தான் உட்காருவார். இந்த வருஷக் கடைசியோடு அவருக்கு ஓய்வு, தோட்டத்தை விட்டே போய்விடுவார். அதற்குள் தன் பெயர் அதில் ஏற வேண்டும் என்பதுதான் மனிதருக்கு மிச்சமிருக்கும் ஆசை. அந்த நாளுக்கென்று அவர் வாங்கி வைத்த போத்தல் ஒன்று கிளப் அலுமாரியில் உடைக்காமல் இருக்கிறது, வெயிட்டர் அதைத் தூசு தட்டித் தட்டி வைக்கிறார். அவர் கோயிலில் கேட்டு வாங்கப் பார்த்ததை, எனக்கு மட்டும் தந்துவிடாதே என்று நான் ஐந்து நேரமும் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை கிளப்பில் போட்டி. நானும் அவரும் ஜோடி, பை தூக்கக் காத்தமுத்து வந்தார். ஏழாம் குழி கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு மேடு. அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கொடியின் நுனி மட்டும் தெரியும். முதலில் கிருஷ்ணகுமார் அடித்தார். பந்து வலது பக்கம் விலகி, ஒரு றப்பர் மரத்தில் டொக்கென்று பட்டு, எந்தப் பக்கம் போனது என்று தெரியாமல் போய்விட்டது. அடுத்தது நான். மச்சான், அன்றைக்கு எனக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை, மட்டையில் பந்து பட்டதே கைக்குத் தெரியவில்லை. அது நேரே கொடிக்கு மேலே எழும்பி மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. கிருஷ்ணகுமார் கை தட்டினார். நான் துஆ ஓதத் தொடங்கினேன். அவரும் காத்தமுத்துவும் அவருடைய பந்தைத் தேடி றப்பருக்குள் நுழைய, நான் மட்டும் மேட்டைத் தாண்டிப் போனேன். புல்லில் பந்து இல்லை. குழியை எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒன்று கிடந்தது.

நான் யோசிக்கவே இல்லை. குனிந்து கையை விட்டு அதை எடுத்தேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வீசினேன். கண்ணைத் திறந்தால், எதிர்த் தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றது நம் கடைக்கு வாடிக்கையாக வரும் கருப்பாயி. நான் தலையைச் சொறிந்தேன். அதற்குள் கிருஷ்ணகுமார் வெறுங்கையோடு வந்தார், அவர் பந்து அகப்படவில்லை. என் பந்தும் தொலைந்துவிட்டது என்றேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் இரண்டு பேரும் அந்தக் குழியை விட்டுக்கொடுத்துவிட்டு எட்டாவதுக்குப் போனோம். தன் பந்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு அழகான அடி, பந்து போனதுதான் பாவம் என்று வழி முழுக்க எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆபத்து நீங்கியது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை லயம் முழுக்கப் பரவிவிட்டது. கடை முதலாளி குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து வீசினாராம், விளையாட்டிலேயே இப்படிக் கள்ள வேலை செய்கிறவர் தராசில் என்ன செய்வார் என்று பேச்சு. திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்கள் யாரும் தராசு முள்ளைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்கள். ஒரு பெண் கருவாட்டை மறுபடி நிறுக்கச் சொன்னாள். வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் யாரும் எதையும் மறுபடி நிறுக்கச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், வெங்காய மூட்டை பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன்.

அன்று பின்னேரம் கிருஷ்ணகுமார் வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. இந்த வருஷம் கிளப்பில் அவர்தான் கெப்டன், யாரும் முறைப்பாடு சொன்னால் விசாரிக்க வேண்டியவர் அவர்.

"பந்த கையால எடுத்தீங்கன்னு மலையில பேசிக்கிறாங்க," என்றார். "நான் நம்பல. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்."

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் நான் கள்ளன். ஏன் எடுத்தேன் என்று விளக்கினால் ஹோல் இன் வன் வெளியே வரும், அதன் பின்னால் சாராயம் வரும். நான் வாயைத் திறந்து, எனக்குச் சீனி இறங்கிவிட்டது போலிருக்கிறது என்றேன். அவர் வாசல் பக்கம் திரும்பினார். வருகிற சனிக்கிழமை கமிட்டிக்கு முன்னால் வந்து சொல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன், அவர் முகம் வாடிப்போனதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்றுப் பகல் சோற்றை அளைந்துகொண்டிருந்தபோது உன் ராத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"சாராயம் ஏலாட்டி ஏலா எண்டு செல்லுங்களே," என்றாள். "வந்த ஆக்களுக்கு வயிறு நெறைய நல்ல சாப்பாடு குடுத்தா யாரு கோவிக்கிற? கள்ளன் எண்டு பேரெடுக்கிறத விட அது லேசு தானே."

அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. சனிக்கிழமை கமிட்டிக்கு முன்னால் எழுந்து நின்று, ஏழாம் குழியில் ஹோல் இன் வன் போட்டது நான்தான், பயத்தில் மறைத்தேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். சாராயத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் புரியாணி, அதன் மேல் தயிரும் கித்துள் மரத்து இனிப்புப் பாணியும். புரியாணியை உன் ராத்தா பார்த்துக்கொள்வாள். உங்கள் பக்கத்து எருமைத் தயிர் மாதிரி இங்கே கிடைக்காது, ஆகையால் நாற்பது சட்டிக்கு இந்தக் கடிதம் கிடைத்த உடனேயே சொல்லி வைத்து, சனிக்கிழமை காலையில் வேனில் ஏற்றிவிடு. உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், ராத்தாவிடம் சொல்லாதே. அந்தப் பலகையில் எம். மர்சூக் என்று தங்க எழுத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்று காலை நினைத்துப் பார்த்தேன். கெட்டதாகத் தெரியவில்லை. கிருஷ்ணகுமாருக்குத்தான் மனசு கஷ்டப்படும், பாவம், இத்தனை வருஷம் காத்திருந்த அவருக்கு விழாமல் நேற்று வந்த எனக்கு விழுந்ததே என்று. அவருக்கு மட்டும் இரண்டு சட்டி கூடுதலாகப் போட்டுவிடு.

றஸ்மியாவுக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளின் தலையில் கை வைத்து நான் துஆச் செய்ததாகச் சொல். இனிமேல் யாருக்காவது அன்பளிப்புக் கொண்டுவர நினைத்தால் பேரீச்சம்பழம் கொண்டுவா. அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத்தும் எனக்குச் சனிக்கிழமை நேராக நிற்கக் கால்களும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
மர்சூக்

பி.கு.: தயிருக்குச் சொல்லாதே. இந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் போடுகிற நேரம் கருப்பாயி கடைக்கு வந்தாள். அவள் முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

"கோவத்துல வீசிட்டீங்களேன்னு கான்ல எறங்கித் தேடி எடுத்தேங்க முதலாளி," என்றாள். "இன்னொரு பந்து எங்க நெரையில செடிக்கு அடியில கெடந்துச்சி. அதுவும் ஒங்களுதான்னு பாருங்க."

இரண்டையும் மேசையில் வைத்தாள். தேயிலைச் செடிக்கு அடியில் கிடந்ததில் பச்சைக் கோடு. மேட்டைத் தாண்டி, கொடியைத் தாண்டி, குழியின் பக்கமே போகாமல் அது தேயிலைக்குள் விழுந்திருக்கிறது. கானில் கிடந்ததைக் கழுவிப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு.

மச்சான், றப்பர் மரத்தில் பட்டுத் திரும்பி அந்தக் குழிக்குள் விழுந்தது அவருடைய பந்து. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மனிதர் காத்திருந்ததை நான் கையை விட்டு எடுத்துக் கானுக்குள் வீசியிருக்கிறேன். சாராயம், கமிட்டி, முன் வரிசை எல்லாம் இப்போது எனக்குப் பயமாகவே இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பயமாக இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன். மூட்டைக்குப் பின்னால் போகவில்லை, ஸ்டூலைத் துடைத்து வைத்துவிட்டு நிற்கிறேன், ஏனென்றால் அவருடைய ஜீப் இப்போதுதான் கடைக்கு முன்னால் வந்து நின்றது. சிரித்துக்கொண்டு இறங்குகிறார். போனது போகட்டும், உங்களை மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வருகிறார் போலிருக்கிறது. பந்து என் கையில் இருக்கிறது.