கட்டிலுக்கு அடியில் நாலு மூட்டை ஜிப்சம்

மூலக்குளம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா கலியமூர்த்தி அவர்களுக்கு மருமகன் புருஷோத்தமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகள் ஹேமலதாவும் இந்த நிமிடம் வரை நலம். தங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிறு தாங்கள் சந்தைக்குப் போயிருந்தபோது, வேர்க்கடலைக்குப் போட வைத்திருந்த ஜிப்சம் நாலு மூட்டையையும் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தவன் நான்தான். காவலுக்கு இருந்த அம்மாவாசையைத் திட்ட வேண்டாம்.

காரணம் பயம். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் மண்ணைக் கரைத்து வடிகட்டி ஒரு மருந்து சேர்ப்போம். கந்தகம் இருந்தால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். அதைக் கண்ணாடிக் குழாய்ல ஊத்தி மெஷின்ல வச்சா, வெளிச்சம் எவ்வளவு மறையுதுன்னு பார்த்து எண் காட்டும். பத்து இருந்தாலே பயிருக்குப் போதும். ஆயுத பூஜைக்கு மெஷின், தராசு, குழாய் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை படைச்சு பயபக்தியா கும்பிட்டேன். லீவு முடிஞ்சு உங்க வேர்க்கடலைக் கொல்லை மண்ணை வச்சேன், அறுபத்துநாலு. சந்தேகத்துக்கு ஹேமாவோட ரோஜாத் தொட்டி மண்ணைப் பார்த்தேன், அறுபத்திரண்டு. கோரிமேட்டு மண் அறுபத்தஞ்சு. நோணாங்குப்பம் போட் ஹவுஸ் பக்கம் அள்ளின மணல்கூட அறுபதுக்குக் கீழ இறங்கல. புதுச்சேரியே கந்தகத்து மேல உக்காந்திருக்கு மாமா, ஒரு தீப்பொறி பட்டா போதும். ஆபீசர் ரூபி மேடம் லீவுல இருக்காங்க, விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்.

அன்னையிலேர்ந்து வீட்ல நெருப்பு பத்த வைக்க விடல. தீப்பெட்டி எல்லாம் தண்ணித் தொட்டியில கிடக்கு. சோத்துக்கு என்ன வழின்னு ஹேமா கேட்டா, ஓட்டல் பார்சல்தான் ஓடுது. ஜிப்சத்துலயும் கந்தகம் இருக்கு. நீங்க வரப்புல உக்காந்து பீடி வேற பிடிப்பீங்க. செடிக்கு நாப்பது நாள் ஆச்சு, இப்ப போடலன்னா மல்லாட்டைக் காய் அத்தனையும் உள்ள பருப்பில்லாம பொக்காப் போயிடும்னு நீங்க கத்துறது எனக்கு இங்கயே கேக்குது. காய் பொக்கானாலும் பரவாயில்ல, நீங்க முழுசா இருக்கணும். எனக்கு இருக்கிறது ஒரே மாமனார்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மாவாசைக்கு என் மன்னிப்பு. தாங்கள் தீப்பொறி அண்டாமல் நூறாண்டு வாழ வேண்டும் என்று கும்பிடும்

தங்கள் மருமகன்,
புருஷோத்தமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள ரூபி மேடம் வேலைக்கு வந்துட்டாங்க. குழாயைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாங்க.

"புருஷோத்தமன், இது என்ன?"

"சந்தனப் பொட்டு மேடம்."

"ஏன் துடைக்கல?"

"சாமிக்கு வச்சது மேடம். பயமா இருந்துச்சு."

மெஷினுக்கு முதல்ல சுத்தத் தண்ணியைக் காட்டி, அதை சைபர்னு வச்சுட்டுத்தான் மண்ணைக் காட்டணும். தண்ணிக்கான குழாய் அலமாரியில இருந்ததால அதுக்கு மட்டும் பொட்டு வைக்கல. வெளிச்சத்தை மறைச்சது சந்தனம்தான். மேடம் துடைச்சுட்டு வச்சாங்க. உங்க மண்ணுல கந்தகம் நாலு. ஜிப்சம் கட்டாயம் போடணுமாம், அதுவும் இந்த வாரத்துக்குள்ள.

மூட்டை நாலும் எங்க கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. கடிதத்தோட ஹேமா நாளைக்கு முதல் பஸ்ல வர்றா. பின்னாடியே நான் மூட்டையோட வந்து, நானே தூவிட்டுப் போறேன். பீடி எத்தனை வேணும்னாலும் பிடிங்க மாமா. நான் கொல்லையில இருக்கிற நேரம் மட்டும் தயவுசெஞ்சு கடைத்தெருவுல போய்ப் பிடிங்க.