கடலுக்கு நாலு ஸ்டார்

கடலைப் படைத்துவிட்டால் மட்டும் போதாது. அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். இந்தச் சிறிய ஏற்பாட்டைச் செய்ய மறந்ததால், மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் எது நல்ல கடற்கரை, எது சுமார் என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் அலைந்தது. அந்தக் குறை நமது மதிப்பீட்டாளரால் தீர்ந்தது.

பிழைப்புக்கு அவர் எடை, அளவு இலாகாவில் ஆய்வாளர். தராசுகளைச் சோதித்துச் சோதித்து, எதைப் பார்த்தாலும் அரை கிராம் குறைகிறதோ என்று சந்தேகப்படும் கண் அவருக்கு வாய்த்துவிட்டது. அந்தக் கண்ணை வீணாக்காமல், ஓய்வு நேரத்தில் ஓட்டல், மருந்துக்கடை, பூங்கா, பேருந்து நிறுத்தம் என்று சகலத்துக்கும் கைபேசியில் ரிவ்யூ எழுதி, ஸ்டார் போட்டு, 'எட்டாம் நிலை' என்ற பட்டத்தை அடைந்திருந்தார். மாமனாரை அடக்கம் செய்த இடத்துக்குக்கூட மூன்று ஸ்டார் போட்டவர் அவர். 'அமைதியான சூழல். வண்டி நிறுத்த இடம் போதாது.' அதைப் படித்துவிட்டு மனைவி நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அதையும் அவர் அமைதியான சூழல் என்றே எடுத்துக்கொண்டார். (இதை எழுதுகிறவனும் அவரும் ஒரே மூக்குக்கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறோம். ஆகவே தகவல்களில் பிழை இருக்காது.)

கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு மூன்று நண்பர்கள்: பல் டாக்டர், வக்கீல், டிராயிங் மாஸ்டர். பல் டாக்டர் அடுத்த வாரம் மகளோடு இருப்பதற்காக வேறு தேசத்துக்கே போகிறார். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. போவதற்கு முன் நால்வரும் கடலோரத்தில் ஓர் இரவு தங்கி, சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. "பரிசெல்லாம் வேண்டாம்டா. மூணு பேரும் பக்கத்துல உட்காருங்க, போதும்" என்றார்.

மாலை நான்கு மணிக்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 204-ஆம் அறையின் கதவு திறந்ததும் மதிப்பீட்டாளர் கையை நீட்டி வாசலை மறித்தார்.

"யாரும் உள்ள வராதீங்க. விரிப்பு கசங்கறதுக்குள்ள படம் எடுக்கணும்."

"எனக்கு பாத்ரூம் அவசரம்டா" என்றார் வக்கீல்.

"அங்கேதான் முதல் ஆய்வு. பொறு."

ஆய்வு இருபது நிமிடம் நடந்தது. தலையணைகள் எண்ணப்பட்டன. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கப்பட்டது. குழாய் ஒவ்வொன்றும் திறந்து மூடப்பட்டது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் வாசலில் நின்ற வக்கீலை என்ன பாடு படுத்தியது என்பது அறிக்கையில் சேர்க்கப்படவில்லை.

பிறகு கடலுக்குப் போனார்கள். மணலில் உட்கார்ந்ததும் பல் டாக்டருக்குப் பழைய நினைவு வந்தது.

"டேய், ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு முந்தின நாள் நாம நாலு பேரும் ஒரே சைக்கிள்ல..."

"ஒரு நிமிஷம். அசையாதே, வெளிச்சம் போயிடும். மூணு பேரும் கொஞ்சம் சிரிங்க. பல் தெரியட்டும்."

மூவரும் பல் தெரியச் சிரித்தார்கள். டாக்டரின் கதை சைக்கிளோடு நின்றுவிட்டது. கடலுக்கு நாலு ஸ்டார் கிடைத்தது. ஒன்று குறைந்ததற்குக் காரணம், 'அலைகள் சீரான இடைவெளியில் வருவதில்லை.'

ஏழு மணிக்கு விடுதியின் பின்புறத் தோட்டத்தில் சாப்பாடு. சூப்பும் சோறும் பொரித்த மீனும் ஆவி பறக்க வந்தன. மதிப்பீட்டாளர் நாற்காலிமேல் ஏறி நின்று ஒரு படம், மண்டியிட்டு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்.

"தொடலாமா?" என்றார் மாஸ்டர்.

"எலுமிச்சைத் துண்டு இடம் மாறியிருக்கே. யார் தொட்டது?"

"நான்தான்" என்று வக்கீல் ஒப்புக்கொண்டார். "பசிதான் காரணம். உள்நோக்கம் இல்லை."

கால் மணி நேரத்தில் படங்கள் முடிந்தன. முதல் வாய் வைத்த மதிப்பீட்டாளர் முகத்தைச் சுளித்துக் குறித்துக்கொண்டார்: 'உணவு ஆறிப்போயிருந்தது.'

"அந்த சைக்கிள் கதை..." என்று டாக்டர் மறுபடி தொடங்கினார்.

"இங்க சிக்னலே இல்லை" என்று எழுந்துவிட்டார் மதிப்பீட்டாளர். "மாடிக்குப் போய் ஏத்திட்டு வந்துடறேன்."

"இருடா. நாளைக்கு எழுதேன். கடல் எங்கே ஓடிடப் போகுது?"

"பத்தே நிமிஷம்."

அறையில் சிக்னல் அமோகம். அவர் எழுத்தில் ஆழ்ந்திருந்தபோது, குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக ஒரு சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பல்ல. மேஜையைத் தட்டி, மூச்சு முட்டி, "ஐயோ போதும், வயிறு வலிக்குது" என்று கெஞ்சி, திரும்பவும் வெடிக்கிற சிரிப்பு. மதிப்பீட்டாளர் மனத்துக்குள்ளேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதினார். வாலிபர்கள், எட்டுப் பத்துப் பேர் இருக்கலாம், போதையும் இருக்கலாம். மூன்று பெரிய மனிதர்கள் நிம்மதியாகச் சாப்பிடும் இடத்தில் இப்படி ஓர் அக்கிரமமா? நண்பர்களுக்காக அவர் மனம் கொதித்தது. போனை எடுத்தார்.

"இருநூத்தி நாலுலேர்ந்து பேசறேன். பின்னால ஒரு கும்பல் கத்திட்டிருக்கு."

"சார், அவங்க வந்து உங்க..."

"விளக்கம் வேண்டாம். நடவடிக்கை வேணும். நான் எட்டாம் நிலை."

எட்டாம் நிலை என்றால் என்ன என்பது மேனேஜருக்குத் தெரிந்திருந்தது. இரண்டே நிமிடத்தில் சிரிப்பு நின்றது. 'புகார்களின்மீது நிர்வாகம் உடனடி நடவடிக்கை எடுக்கிறது' என்று எழுதி, விடுதிக்கு ஒரு ஸ்டார் கூடுதலாகக் கொடுத்தார்.

அவருடைய பத்து நிமிடம் முடிந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழே இறங்கினார். தோட்டத்தில் இருந்ததே ஒரே ஒரு மேஜைதான். அதைப் படமெடுத்து, 'நல்ல தனிமை' என்று குறிப்பும் போட்டவர் அவர்தான். மேஜையைச் சுற்றி மூவரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் கண்ணோரம் இன்னும் ஈரம் காயவில்லை.

"யாரோ கம்ப்ளைண்ட் பண்ணிட்டாங்களாம்டா" என்றார் மாஸ்டர், குரலைத் தாழ்த்தி. "மேனேஜர் வந்து கையெடுத்துக் கும்பிடறார். வெட்கமாப் போச்சு."

"நீங்களா சிரிச்சீங்க?"

"பின்னே யாரு?"

"உங்க சிரிப்பு மாதிரி இல்லையே!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறுக்கு விசாரணைக்கு வாயெடுத்த வக்கீல், அதை மூடிக்கொண்டார்.

எட்டாம் நிலைக்கு வியர்த்தது. நண்பர்களின் சிரிப்பு என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம், 'கொஞ்சம் சிரிங்க' என்று அவரே கேட்டு வாங்கிய சிரிப்புதான். ஆயிரத்துச் சொச்சம் படங்களில் அது இருந்தது. ஒன்றிலும் சத்தம் இல்லை. அவர் இல்லாதபோது இவர்கள் இப்படியா சிரிக்கிறார்கள்?

"அந்த சைக்கிள் கதையை இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்து, மற்ற மூவரையும் விட்டுவிட்டு நேராக மதிப்பீட்டாளர் முன்னால் குனிந்தார்.

"சார், நீங்க போன் பண்ண உடனே நிறுத்திட்டோம். இப்போ தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் வானத்தைப் பார்த்தார்.

பதில் சொன்னவர் பல் டாக்டர்தான். கோபமே இல்லாத குரல். பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரல்.

"இனிமே இருக்காதுங்க. நான் அடுத்த வாரம் போயிடறேன்."