மறுகா எண்ணிய மகரந்தம்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, எந்தக் கேள்விக்கும் நேரான விடை சொல்லாமல் இருபத்தாறு வயதை எட்டிய ஒரே மனிதன் மறுகாதான். “கறிக்கு உப்புப் போதுமா?” என்றாலும், “இன்று மழை வருமா?” என்றாலும் அவன் விடை ஒன்றே: “மறுகா சொல்றன்.” பிறகு என்பதற்கு எங்கள் கரையோரத்தில் வழங்கும் அச்சொல்லே அவனுக்குப் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயரை நாங்கள் மறந்தோம். கேட்டால் அவனும் உறுதியாகச் சொல்லியிருக்கமாட்டான்.

நானோ மருதமுனைக்காரன், ‘ஐயமில்லை!’ என்று மேடையதிர முழங்கிப் பழகியவன். ஆலையடிவேம்பிலிருந்து புறப்பட்டு வந்த அந்த ஐயத்தின் மொத்த வியாபாரியோடு, பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரே வாடகை அறையில் விதி என்னை அடைத்தது.

அவன் ஆராய்ச்சியைக் கேளுங்கள். தென்துருவத்து அந்தாட்டிக்காவின் கடலடியில் தோண்டிய சேறு, சிறு குப்பிகளில் அவனுடைய பேராசிரியருக்கு வந்து சேரும். அதற்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விழுந்த மகரந்தமணிகளும் பாசிகளின் நுண்கூடுகளும் புதைந்திருக்குமாம். மகரந்தம் எந்த மரத்தினது என்றறிந்தால் அன்றைய நிலத்தின் வெம்மை புலப்படும். கூடு எந்தப் பாசியினது என்றறிந்தால் அன்றைய கடலின் வெம்மை புலப்படும். சாகாமத்தில் நெல் விதைக்கும் அவன் தந்தை ஒருநாள் வந்து பார்த்தார்.

“ஏன்டா மனே, நம்மட வயலில சேறு இல்லாமலா இதக் கிண்டுறாய்?”

“மறுகா சொல்றன், அப்பா.”

சேற்றின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு உலர்த்தி, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஓரங்களை நகப்பூச்சால் அடைப்பான். கல்முனைச் சந்தையில், சிவப்பு நகப்பூச்சு கேட்ட அந்தத் தாடிக்காரனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆருக்குத் தம்பி?”

“அந்தாட்டிக்காவுக்கு.”

“பேரு நல்லாரிக்கு. எந்த ஊருப் புள்ள?”

பிறகு நுணுக்குக்காட்டிக்குள் கண்ணைப் புதைத்து எண்ணுவான். முந்நூறு மணி எண்ணாமல் முடிவு சொல்வது பாவமாம். மின்விசிறி சுழலக் கூடாது. சாளரம் திறக்கக் கூடாது. வெளித்தூசு தகட்டில் விழுந்துவிடுமாம். என்றோ குளிர்ந்த துருவத்துக்காக, இன்று நான் வெந்தேன்.

இந்நிலையில் பல்கலைக்கழக விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று வந்தது. தலைப்பு: ‘இயற்கையில் நிலையானது எதுவுமில்லை.’ என் அணியினர் நாங்கள் இருமுறை வென்றிருந்தோம்; மூன்றாம் முறையும் வென்றால் கேடயம் எமக்கே நிலையாகிவிடும். மறுகா தேநீர் குடிக்கப் போன ஒரு மாலையில், நான் சாளரத்தை விரியத் திறந்து, வீட்டு வளவில் நின்ற தென்னைகளையே அவையாகக் கொண்டு ஒத்திகை பார்த்தேன். மூடாத தகடுகள் மேசையில் உலர்ந்துகொண்டிருந்தன. அவன் திரும்புமுன் சாளரத்தை அடைத்தேன், வாயையும் அடைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் துள்ளி எழுந்தான்.

“மச்சான்! தென்னை மாதிரி ஒரு மணி கிடக்குடா! மெய்யெண்டா என்ட ஆய்வுக்கு இது ஒண்டே காணும்!”

“எத்தின எண்ணின?”

“நாப்பத்தொண்டு. முந்நூறு வரட்டும். மறுகா சொல்றன்.”

கோழையின் எண்கணிதம்! நாற்பத்தொன்றே எனக்குப் போதுமானதாயிற்று. இறுதிச் சுற்றில் குரலை உயர்த்தினேன்: “பனி மூடிய கண்டத்தில் அன்று தென்னை தலையசைத்தது! ஐயமில்லை! என் அறைத்தோழனின் நுணுக்குக்காட்டியே சாட்சி!” மண்டபம் கரவொலியால் அதிர்ந்தது. கேடயத்தை வீட்டில் எங்கே வைப்பதென்றுகூட மனத்துக்குள் இடம் பார்த்துவிட்டேன்.

அவையோர் வினாவுக்கு நேரம் வந்ததும், கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மறுகாவின் கைதான்.

“எண்ணி முடிச்சிட்டன் மச்சான். அந்த மணிக்குள்ள இன்னும் சாறு இரிக்கு. பழசெண்டா வெறுங்கூடுதான் மிஞ்சும். இது நம்மட வளவுத் தென்னைடா.”

“அப்ப உங்கட தென்துருவம் கிணத்தடியிலயா கிடக்கு?” என்று எதிரணியிலிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பில் கேடயம் கைமாறியது. வாழ்நாளெல்லாம் ‘மறுகா’ என்றவன், ஒரு மணிநேரம் ‘மறுகா’ என்றிருக்கக் கூடாதா?

முன்வரிசையில் இருந்த அவனுடைய பேராசிரியர் சிரிக்கவில்லை. ஒரு மாத உழைப்பு, அத்தனை தகடுகளும் இனிக் குப்பைக்கு. எழுந்து திரும்பினார்.

“யன்னலத் திறந்தது ஆர்?”

மறுகா என்னைப் பார்த்தான். தூசியளவு மணியையும் இனங்காணும் கண்கள் அவை, அவனுக்குத் தெரியாததில்லை. நான் மேடையில் குறிப்புத்தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

“நான்தான் சேர்,” என்றான்.

முந்நூறு எண்ணாமல், ‘மறுகா’ என்னாமல், அவன் உடனே உறுதியாக உரைத்த ஒரே விடை அதுதான். அதுவும் பொய்.

இப்போது அவன் கடல்கடந்த ஓர் ஆய்வகத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறான். அறை எனக்கே சொந்தம், புழுக்கம் தாங்கவில்லை. ஆயினும் அந்தச் சாளரத்தை நான் இன்னும் திறக்கவில்லை.